இரண்டு மீட்டர் ஆழத்தில் நினைவிழப்பு: ஆக்சிஜன் ரீபிரீதர் பயிற்சியில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஸ்கூபாவில் ஏறத்தாழ 200 முறை முக்குளித்த ஒருவர், ஆக்சிஜன் ரீபிரீதர் பயிற்சியின் இரண்டாம் நாளில், எங்கும் 4 மீட்டருக்கு மேல் ஆழமில்லாத பயிற்சிக் குளத்தில், 2 மீட்டர் ஆழத்தில் நினைவிழந்தார். அப்போது அவர் மீண்டும் தண்ணீருக்குள் இறங்கி இரண்டு நிமிடங்களே ஆகியிருந்தன. அவருக்குப் பயிற்சி அளித்துக்கொண்டிருந்தது நான்தான். அவர் பிழைத்துக்கொண்டார், உடலில் பாதிப்பு எதுவும் தங்கவில்லை. அவருடைய ஒப்புதலோடும், அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கியும் இதை எழுதுகிறேன். ஆழம் குறைவு என்பதாலேயே இந்தக் கருவியை எளிதென்று எண்ணித் தொடங்குகிறவர்கள், எந்த ஆபத்தைக் கண்டு அஞ்சுகிறார்களோ அதற்கு நேர் எதிரான ஆபத்தில்தான் அவர் சிக்கினார்.

கருவி

ஆக்சிஜன் ரீபிரீதர் என்பது, நாம் வெளிவிடும் மூச்சைத் தண்ணீரில் குமிழிகளாக வீணாக்காமல், அதிலுள்ள கரியமில வாயுவை மட்டும் சோடா லைம் நிரப்பிய கலனில் உறிஞ்சிவிட்டு, உடல் செலவழித்த அளவு ஆக்சிஜனை மட்டும் சேர்த்து, அதே வாயுவைத் திரும்பச் சுவாசிக்கத் தரும் மூடிய சுற்று. மூச்சுப்பை ஒன்று, சோடா லைம் கலன் ஒன்று, சிறிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று, வாயு ஒரே திசையில் ஓடுவதற்கான இரண்டு ரப்பர் வால்வுகள், திறந்து மூடக்கூடிய மவுத்பீஸ் ஆகியவையே அதன் உறுப்புகள். கலப்பு வாயு ரீபிரீதர்கள் பலவற்றில் இருக்கும் மின்னணுக் கட்டுப்பாடு இதில் இல்லை. நாங்கள் பயன்படுத்திய கருவியின் மூச்சுப்பை 5 லிட்டர் கொள்ளும். பை சுருங்கித் தட்டையானால் ஒரு நெம்புகோல் அழுந்தித் தானியங்கி வால்வு திறக்கும், தேவைப்பட்டால் விரலால் அழுத்திச் சேர்க்க ஒரு பொத்தானும் உண்டு. ஆக்சிஜன் அளவைக் காட்டும் உணரி அப்போது அதில் பொருத்தப்பட்டிருக்கவில்லை.

எளிமையே இதன் கவர்ச்சி. நிதானமாக நீந்தும் உடல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 லிட்டர் ஆக்சிஜனைத்தான் செலவழிக்கிறது என்பதால், 1.5 லிட்டர் சிலிண்டரை 200 பார் அழுத்தத்துக்கு (ஒரு பார் என்பது ஏறத்தாழக் கடல்மட்டக் காற்றழுத்தம்) நிரப்பினால் கிடைக்கும் 300 லிட்டர், கணக்குப்படி 5 மணி நேரம் வரும். சோடா லைம்தான் அதற்கு முன்பே தீர்ந்துவிடும். ஓசை இல்லை, குமிழி இல்லை, மீன்கள் விலகி ஓடுவதில்லை. சுவாசிக்கும் வாயுவில் நைட்ரஜன் இல்லாததால், மேலே வரும்போது உடலில் நைட்ரஜன் குமிழிகள் உண்டாவதால் வரும் அழுத்த நீக்க நோய் பற்றிய கவலையும் இல்லை. ஆழமற்ற நீரில் படமெடுக்க விரும்புகிறவர்கள் இதை நாடி வருவதில் வியப்பில்லை. எங்களிடம் பயிற்சி பெற்ற இவரும் அப்படித்தான் வந்தார்.

நடந்தது

முதல் நாள் முழுவதும் மேசையில் கழிந்தது. கலனில் சோடா லைமை நிரப்பித் தட்டி இறுக்குவது, கசிவு சோதனை, ஆக்சிஜன் சிலிண்டரின் வால்வை மெதுவாகத் திறப்பது, ஆக்சிஜன் படும் இணைப்புகளில் சாதாரண கிரீஸ் ஒரு துளியும் படக்கூடாது என்பது, கலனுக்குள் தண்ணீர் புகுந்தால் காரநீர் வாய்க்கு ஏறி வரும் ஆபத்து ஆகிய அனைத்தையும் செய்து காட்டினேன். ஆழ வரம்பு பற்றி மட்டும் ஏறத்தாழ 40 நிமிடங்கள் பேசினேன். பையிலிருந்து நைட்ரஜனை வெளியேற்றிக் கழுவும் முறையை, அதாவது பர்ஜ் செய்வதை, 5 நிமிடத்தில் காட்டி முடித்தேன். இந்த நேரப் பங்கீட்டை இப்போது நினைத்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இரண்டாம் நாள் காலை அவர் என் கண் முன்னால் முறையாகப் பர்ஜ் செய்து இறங்கி, 35 நிமிடங்கள் 3 முதல் 4 மீட்டர் ஆழத்தில் அமைதியாக நீந்தினார். பிறகு முகக் கண்ணாடியின் பட்டை உறுத்துகிறது என்று சைகை காட்டி மேலே வந்து, மவுத்பீஸை மூடிக் கழற்றி, கரையிலிருந்த உதவியாளரிடம் பேசியபடியே பட்டையைச் சரிசெய்தார். மேலே வரும்போது விரிந்த வாயுவை வெளியேற்றியிருந்ததால் அவருடைய பை ஏறத்தாழக் காலியாக இருந்தது. மிதக்கச் சிரமப்பட்ட அவர் செய்த அடுத்த செயலை, நானும் உதவியாளரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்: மவுத்பீஸை வாயில் வைத்துத் திறந்து, மூக்கு வழியாகக் காற்றை இழுத்து இழுத்துப் பைக்குள் ஊதி, அதை நிரப்பிக்கொண்டார்.

ஸ்கூபாவில் இது அன்றாடப் பழக்கம். நீர்மட்டத்தில் சிலிண்டர் வாயுவை மிச்சப்படுத்த, மிதவைச் சட்டையை வாயால் ஊதி நிரப்புமாறு எல்லோருக்கும் கற்றுத்தரப்படுகிறது. மார்பில் தொங்கும் பை காலியாக இருந்தது, உடல் அமிழ்ந்தது, எனவே அவருடைய கை பழகிய வழியில் போயிற்று. மிதவைச் சட்டையில் ஊதிய காற்றை யாரும் சுவாசிப்பதில்லை, இந்தப் பையில் ஊதிய காற்றோ அடுத்த மூச்சாகத் திரும்பி வருகிறது. அந்த வேறுபாடு அந்த நொடியில் அவர் நினைவுக்கு வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் அது உறைக்கவில்லை.

அவர் இறங்கினார். 2 மீட்டர் ஆழத்தில் சுவரை ஒட்டி மெதுவாக நீந்தினார். ஒரு நிமிடம் கழித்து நான் காட்டிய 'சரியா?' என்ற சைகைக்கு உடனே, தெளிவாக, 'சரி' என்று பதில் காட்டினார். அதன் பிறகு அவருடைய கால்களின் அசைவு நின்றது. ஒரு தோள் தாழ்ந்து, உடல் மெல்லச் சாய்ந்தது. வெட்டி இழுக்கும் வலிப்பு எதுவும் இல்லை, ஒருவர் அசந்து தூங்குவது போலத்தான் இருந்தது. நான் அவரைப் பற்றி மேலே கொண்டுவந்தேன். பைக்குள் தண்ணீர் புகுந்துவிடாமல் மவுத்பீஸ் வால்வை மூடிக் கழற்றினேன். அவர் மூச்சு நின்றிருந்தது. வாய்வழியாக இரண்டு மூச்சுகள் கொடுத்ததும் இருமினார், தானாகவே சுவாசிக்கத் தொடங்கினார், ஒரு நிமிடத்துக்குள் கண் திறந்தார். கரையில் ஆக்சிஜன் கொடுத்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். ஒரு நாள் கண்காணிப்புக்குப் பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

'சரி' என்று சைகை காட்டியது அவருக்கு நினைவில் இல்லை. "ரொம்ப நல்லாத்தான் இருந்துச்சு, மூச்சும் லேசா இருந்துச்சு" என்பதை மட்டுமே அவரால் சொல்ல முடிந்தது.

முதலில் எழுந்த ஐயம்

கரையிலிருந்த உதவியாளர் அப்போதே "ஆக்சிஜன் நஞ்சாயிடுச்சு" என்றார். தூய ஆக்சிஜனோடு முக்குளித்தவர் நினைவிழந்தார் என்றால் எவருக்கும் அதுதான் முதலில் தோன்றும். இந்த அச்சத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆங்கிலேயரான ஹென்றி ஃப்ளூஸ் தமது ஆக்சிஜன் ரீபிரீதரை உருவாக்கிய அதே 1878ஆம் ஆண்டில்தான், பிரெஞ்சு உடலியல் அறிஞர் பால் பெர், உயர் அழுத்த ஆக்சிஜன் வலிப்பை உண்டாக்கும் என்று காட்டிய ஆய்வை வெளியிட்டார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கென்னத் டொனால்ட் நடத்திய சோதனைகள், ஒரே மனிதருக்கே தாங்கும் திறன் நாளுக்கு நாள் பெரிதும் மாறுபடுகிறது என்பதையும், 25 அடிக்கு (ஏறத்தாழ 7.6 மீட்டர்) கீழே தூய ஆக்சிஜனோடு போவது சூதாட்டத்துக்கு ஒப்பானது என்பதையும் தெளிவாக்கின. 6 மீட்டரில் தூய ஆக்சிஜனின் பகுதி அழுத்தம், அதாவது வாயுவின் மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு, 1.6 பார். பொழுதுபோக்கு முக்குளிப்பில் இதுவே உச்ச வரம்பு. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா வெளியிட்ட அட்டவணை இந்த அழுத்தத்துக்கு ஒரு முறையில் 45 நிமிடத்தையும், 1.4 பாருக்கு 150 நிமிடத்தையும் வரம்பாக வைக்கிறது. அமெரிக்கக் கடற்படை 25 அடியில் 240 நிமிடம் வரை அனுமதிக்கிறதே என்று சிலர் வாதிடுவதுண்டு. அது தேர்ந்தெடுக்கப்பட்டு, தொடர்ந்து பயிற்சி பெற்று, துணை முக்குளிப்பாளரோடு சேர்ந்தே இறங்கும் படைவீரர்களுக்கான எண். அதை விடுமுறை நாளில் முக்குளிப்பவர் கடன் வாங்கக் கூடாது.

இந்த நிகழ்வில் அவர் போன மிகக் கூடிய ஆழம் 4 மீட்டர், அதாவது அதிகபட்சம் 1.4 பார், அதுவும் 35 நிமிடமே. நினைவிழந்தபோது இருந்த 2 மீட்டரில், பையில் தூய ஆக்சிஜனே இருந்திருந்தாலும் 1.2 பாரைத் தாண்டியிருக்க முடியாது. வலிப்பும் இல்லை. எனவே ஆக்சிஜன் நஞ்சு என்ற ஐயம் நிற்கவில்லை.

கரியமில வாயுத் தேக்கமும் பொருந்தவில்லை. சோடா லைம் அன்று காலை புதிதாக நிரப்பியது, முக்கால் மணி நேரம்கூடப் பயன்படவில்லை. திறந்து பார்த்தபோது துகள்கள் இறுக்கமாகவும் உலர்ந்தும் இருந்தன. கரியமில வாயு தேங்கினால் மூச்சு வாங்கும், தலை வலிக்கும், பதற்றம் வரும். அவரோ மூச்சு இலேசாக இருந்தது என்கிறார்.

உண்மையைச் சொன்னது பைதான். மவுத்பீஸ் வால்வு மூடியிருந்ததால் அவர் கடைசியாகச் சுவாசித்த வாயு அப்படியே உள்ளே இருந்தது. அதைப் பகுப்புக் கருவியில் செலுத்தினோம். ஆக்சிஜன் 9 விழுக்காடு என்று வந்தது. நம்ப முடியாமல் கருவியை வெளிக்காற்றில் சரிபார்த்துவிட்டு மீண்டும் அளந்தோம், அதே எண்தான் வந்தது. பாதிக்கு மேல் நிறைந்த ஆக்சிஜன் சிலிண்டரை முதுகில் சுமந்துகொண்டு, அவர் ஆக்சிஜன் இல்லாமல் மயங்கியிருக்கிறார்.

இரண்டு நிமிடக் கணக்கு

இது எப்படி நடக்கிறது என்பதை எண்களோடு பார்ப்பது பயன்தரும். கீழுள்ள எண்கள் தோராயமானவை, ஆனால் நிகழ்ந்ததோடு நன்றாகவே ஒத்துப்போகின்றன.

அவர் இறங்கும்போது பையில் 5 லிட்டர் இருந்தது. அதில் 1 லிட்டர் முந்தைய ஆக்சிஜன், 4 லிட்டர் அவர் ஊதிய மூச்சுக்காற்று. நுரையீரலில் 3 லிட்டர் காற்று. ஆக மொத்தம் 8 லிட்டர். மூச்சுக்காற்றில் ஆக்சிஜன் 16 விழுக்காடு, நைட்ரஜன் 78 விழுக்காடு என்று வைத்தால், சுற்றில் இருந்த ஆக்சிஜன் 2.1 லிட்டர், நைட்ரஜன் 5.5 லிட்டர். எஞ்சியது கரியமில வாயு, அதைச் சோடா லைம் உடனே உறிஞ்சிவிடும். மெதுவாக நீந்திய அவர் நிமிடத்துக்கு 0.8 லிட்டர் ஆக்சிஜனைச் செலவழித்தார் என்று கொள்வோம்.

முதல் நிமிட முடிவில் ஆக்சிஜன் 1.3 லிட்டர், அதாவது 19 விழுக்காடு. 2 மீட்டர் ஆழத்தின் 1.2 பார் அழுத்தத்தில் அதன் பகுதி அழுத்தம் 0.23 பார், கரையில் நின்று வெளிக்காற்றைச் சுவாசிப்பவரைவிட ஒரு படி மேல். என் சைகைக்கு அவர் தெளிவாகப் பதில் சொன்னது இந்த நேரத்தில்தான். ஒன்றரை நிமிடத்தில் 14 விழுக்காடு, 0.17 பார், சிந்தனை மங்கத் தொடங்கும் அளவு. இரண்டாவது நிமிட முடிவில் எஞ்சிய ஆக்சிஜன் அரை லிட்டர், 8 விழுக்காடு, 0.10 பார். அங்கே நினைவு நிற்காது. நல்ல நிலையிலிருந்து நினைவிழப்புக்கு ஒரே நிமிடம்தான். 'சரி' என்ற சைகை பொய்யாக இருக்கவில்லை, அடுத்த நிமிடத்துக்கு அது உறுதியாகவும் இருக்கவில்லை.

தானியங்கி வால்வு ஏன் காப்பாற்றவில்லை என்பதே தொடக்கநிலையில் இருப்பவர்கள் அழுத்தமாகப் புரிந்துகொள்ள வேண்டிய இடம். அந்த வால்வுக்கு ஆக்சிஜன் என்ன என்று தெரியாது, பையின் பருமன் மட்டுமே தெரியும். இரண்டாவது நிமிட முடிவில் சுற்றில் இருந்த மொத்த வாயு 6 லிட்டர், 2 மீட்டர் அழுத்தத்தில் அது 5 லிட்டராகச் சுருங்கியிருக்கும். நுரையீரலுக்கு 3 லிட்டர் போக, பையில் 2 லிட்டர் மிஞ்சும். ஒரு மூச்சுக்கு 1 லிட்டர் இழுத்தாலும் பை தட்டையாகாது, நெம்புகோல் அழுந்தாது, வால்வு திறக்காது. யாருக்கும் பயன்படாத அந்த 5.5 லிட்டர் நைட்ரஜன், பையை முட்டுக்கொடுத்து நிறுத்திவைத்துக்கொண்டு, "வாயு போதுமான அளவு இருக்கிறது" என்று வால்வையும் நம்பவைத்தது, மனிதரையும் நம்பவைத்தது.

உடலும் எச்சரிக்காது. மூச்சுத் திணறல் என்று நாம் உணர்வது பெரும்பாலும் கரியமில வாயு கூடுவதால் வருவது, ஆக்சிஜன் குறைவதால் அல்ல. அந்த வாயுவைச் சோடா லைம் ஒழுங்காக அகற்றிக்கொண்டே இருந்தது. கருவியின் ஒரு பாதி குறையில்லாமல் இயங்கியதே மறுபாதியின் குறையை மறைத்தது. அழுத்தமானியைப் பார்த்திருந்தாலும் பலனில்லை. எல்லாம் சரியாக நடந்திருந்தாலும் இரண்டு நிமிடத்தில் சிலிண்டரிலிருந்து ஏறத்தாழ 1 பார்தான் குறைந்திருக்கும், ஊசியின் அசைவில் அது கண்ணுக்குத் தெரியாது. ஸ்கூபாவில் ஊசி எண்ணைக் காட்டுகிறது, வாயில் காற்று வருகிறது, ஆகவே பாதுகாப்பு என்ற முடிவு சரியானது. இங்கே அந்த இரண்டும் சேர்ந்தும் எதையும் நிரூபிப்பதில்லை. மேலே வருவதும் ஆபத்தைக் கூட்டும், ஏனெனில் அழுத்தம் குறையக் குறைய, எஞ்சிய ஆக்சிஜனின் பகுதி அழுத்தமும் குறையும். 5 மீட்டரில் ஒருவாறு தாக்குப்பிடிப்பவர், கடைசி இரண்டு மீட்டர் ஏற்றத்தில் நினைவிழக்கலாம்.

பர்ஜ் செய்வதன் அளவு

இதே கணக்கு தீர்வையும் காட்டுகிறது. நுரையீரலிலுள்ள காற்றை முழுவதும் வெளிவிட்டபின்னும் அங்கே 1.5 லிட்டர் தங்கும், காலியாக்கிய பையின் மடிப்புகளில் ஏறத்தாழ 0.3 லிட்டர் தங்கும். அந்த 1.8 லிட்டரின் மேல் பையை ஆக்சிஜனால் நிரப்பினால், முதல் முறையிலேயே நைட்ரஜன் 20 விழுக்காட்டுக்கு வந்துவிடும். சுற்றிலிருந்து இழுத்து மூக்கு வழியாக வெளியேற்றிப் பையை மீண்டும் தட்டையாக்கி நிரப்பினால் 5 விழுக்காட்டை ஒட்டி வரும், மூன்றாவது முறையில் 2 விழுக்காட்டுக்கும் குறையும். கணக்குப்படி ஒரு முறை சரியாகச் செய்தாலே போதும், எஞ்சும் நைட்ரஜன் பையை முட்டுக்கொடுத்து நிறுத்தும் அளவுக்கு இராது. ஆனால் 'சரியாக' என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. குளிர்ந்த நீரில், இறுக்கமான உடையில், புதிதாகக் கற்பவர் பாதி மூச்சைத்தான் வெளிவிடுகிறார். மூன்று முறை செய்யச் சொல்வது அந்தக் குறையை ஈடுகட்டவே.

ஒரு முறை கழுவினால் முடிந்தது என்பதும் இல்லை. உடல் திசுக்களில் கரைந்திருக்கும் நைட்ரஜன், ஏறத்தாழ 1 லிட்டர் அளவு, தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கத் தொடங்கியதும் மெல்ல மெல்ல வெளியேறிச் சுற்றுக்குள் சேர்கிறது. முகக் கண்ணாடியைக் காலியாக்கும்போது மூக்கு வழியாக வாயு போவது ஒருவகையில் நன்மை, ஏனெனில் நைட்ரஜனும் அதோடு போகிறது. இருந்தாலும் அதை நம்பியிருக்க முடியாது. ஆகவே நீருக்குள் 15 நிமிடத்துக்கு ஒரு முறையும், மேலே ஏறத் தொடங்குமுன் ஒரு முறையும் கழுவுகிறோம். ஆக்சிஜன் வீணாகிறது என்று சிலர் தயங்குகிறார்கள். 300 லிட்டரில் 5 லிட்டர் போவதற்கு வருந்த வேண்டியதில்லை.

நாங்கள் மாற்றியவை

மவுத்பீஸ் வாயை விட்டு வெளியே வந்தால் அந்த முக்குளிப்பு முடிந்தது, அடுத்து இறங்குவது புதிய முக்குளிப்பு என்பதே முதல் விதி. கண்ணாடிப் பட்டையைத் தொட அரை நிமிடம் எடுத்தாலும் முழுப் பர்ஜும் மறுபடி நடக்க வேண்டும், அதை வேறொருவர் எண்ணிப் பார்த்த பிறகே தலை தண்ணீருக்குள் போகலாம். மூச்சுப்பையில் வாயால் ஊதுவது முற்றாகத் தடை. மிதப்பதற்குத் தனியாக ஒரு மிதவைச் சட்டை கட்டாயம். பழக்கத்தை அறிவுரையால் வெல்ல முடியாது, பழகிய கை தேடும் பொருளைச் சரியான இடத்தில் வைத்துவிடுவதே வழி என்பது என் முடிவு.

பையின் உள்ளிழுக்கும் பக்கத்தில் ஆக்சிஜன் உணரி ஒன்றும், கண்ணுக்கு நேரே ஒரு சிறு காட்டியும் பொருத்தியிருக்கிறோம். இது எங்களுக்குள் விவாதத்தை எழுப்பியது. உணரி வந்தால் பர்ஜில் அலட்சியம் வரும் என்று ஒருவர் வாதிட்டார். அவர் கவலை நியாயமானது, உணரிகள் பழுதாவதும் உண்டு. ஆனாலும் 9 விழுக்காட்டை என் கண்ணால் பார்த்த பிறகு, அந்த எண்ணை மனிதர் மயங்குவதற்கு முன்பே காட்டக்கூடிய ஒரு பொருளை விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. மவுத்பீஸைத் தலையோடு பிணைக்கும் பட்டையும் சேர்த்தோம். நினைவிழந்தவர் வாயிலிருந்து மவுத்பீஸ் நழுவினால் அடுத்து நுரையீரலுக்குள் போவது தண்ணீர்தான், பட்டை அதைத் தாமதப்படுத்துகிறது. அன்று நான் அவரிடமிருந்து மூன்று கை தூரத்தில் இருந்தேன். இப்போது கை நீட்டினால் தொடும் தூரத்தை விட்டு விலகுவதில்லை.

பாட நேரத்தையும் மாற்றினோம். ஆழ வரம்புக்கு 10 நிமிடம் போதும், 6 மீட்டர் என்ற எண் எவருக்கும் ஒரு முறை கேட்டால் மறக்காது. மீதி நேரம் முழுவதும் மேசையில் பையைத் தட்டையாக்குவதிலும் நிரப்புவதிலும், மேலே சொன்ன இரண்டு நிமிடக் கணக்கை ஒவ்வொருவரும் தம் கையால் தாளில் போட்டுப் பார்ப்பதிலும் செல்கிறது.

மருத்துவரின் ஒப்புதலோடு அவர் ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வந்தார். குளத்தின் விளிம்பைப் பற்றியபடி மூன்று முறை பையைத் தட்டையாக்கினார், மூன்று முறை நிரப்பினார். ஒவ்வொரு முறையும் மூக்கிலிருந்து மூச்சு வருவது நிற்கும் வரை காத்திருந்தார். காட்டியில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 0.97 பார் என்பதைப் பார்த்த பிறகு இருவரும் சேர்ந்து 2 மீட்டருக்கு இறங்கினோம். முதல் நிமிடம் போயிற்று, இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது நிமிடத்தில் அவர் ஒரு மூச்சை ஆழ இழுத்தபோது பை தட்டையாகி, வால்வு 'ஸ்ஸ்' என்று திறக்கும் ஓசை தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்டது. அவர் என் பக்கம் திரும்பி, கேட்டதா என்பது போலத் தம் காதைத் தொட்டுக் காட்டினார்.